புரியாத நகையும் பறிபோன துப்பும்

அழுகைக்கு மொழி வேண்டா. பெற்ற மகவை இழந்த தாய் எந்நாட்டில் நின்று கதறினும் கேட்பவர் நெஞ்சு கரையும். பசிக்கும் மொழி வேண்டா. ஒட்டிய வயிறே அதனைச் சொல்லிவிடும். நகைக்கோ மொழி வேண்டும். ஒரு சொல்லின் இருபொருளும், அதனைச் சொல்பவனின் குரலில் உள்ள ஏற்ற இறக்கமும், அவன் சொல்லாமல் விட்ட மறுபாதியும் ஒருங்கே தெரிந்தவனுக்கே சிரிப்பு வரும். அயலார் அவையில் எல்லாரும் சிரிக்கும்பொழுது, ஏன் என்றறியாமல் தானும் பல்லைக் காட்டி நிற்பவனின் நிலையினும் இரங்கத்தக்க நிலை பிறிதில்லை.

துப்பறியும் கதைக்கும் இஃது ஒக்கும். கொலை செய்தவன் யார் என்பதற்கான குறிப்பு கத்தியில் இருப்பதைவிடப் பேச்சில் இருப்பதே மிகுதி. ஒருவன் வாய்தவறி உதிர்த்த ஒரு சொல், முன்னுக்குப் பின் முரணான ஒரு விடை, கேளாமலே சொன்ன ஒரு மறுப்பு ஆகிய இவற்றைப் பற்றிக்கொண்டே கதை நகரும். எனவே, நகையும் துப்பும் கலந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றை அம்மொழி அறியாதவர் முன் வைப்பது, பசித்தவன் முன் பூட்டிய சோற்றுப் பெட்டியை வைப்பதற்கு நேர். அத்தகைய பூட்டிய பெட்டிகள் பழனிமலைத் தொடரின் உச்சியிலிருந்து பல்லாண்டுகள் தமிழர் இல்லங்களுக்குள் இறக்கப்பட்டன. அவ்வரலாற்றைப் பண்ணைக்காட்டிலிருந்து பார்ப்பதே பொருந்தும்.

மலை யாருடையது? மொழி யாருடையது?

பண்ணைக்காடு கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்த பேரூர். குளம்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் மலைவாழையும் அப்பகுதி மக்களுக்கு வாழ்வளிப்பவை. புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி வாழை இம்மலைச்சாரலின் செல்வம். சுற்றிலும் உள்ள ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்க்க: பெருமாள்மலை, தாண்டிக்குடி, ஊத்து, பூம்பாறை, மன்னவனூர். பண்ணையும் தமிழ், காடும் தமிழ்; குடியும் பாறையும் ஊரும் தமிழ். படியாதவர் எனப் பட்டணத்தார் எண்ணிய மலைமக்கள், நிலத்துக்குப் பெயரிடும்பொழுது எந்த அயல்மொழியிடமும் கடன் கேட்கவில்லை.

இம்மலைத்தொடரின் மேல், கொடைக்கானலில், 1980-களில் நடுவணரசின் உயர்திறன் தொலைக்காட்சி ஒளிபரப்பி நிறுவப்பட்டது. மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் கரணியம் உண்டு. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. கோபுரம் உயர உயர அதன் கைக்குள் அடங்கும் நிலமும் விரியும். சமவெளியில் நூறு கோபுரம் நட்டுச் செய்ய வேண்டியதை மலையுச்சியில் ஒரு கோபுரம் செய்துவிடும். தென் தமிழகத்தின் பெரும்பரப்பு அவ்வொரு கோபுரத்தின் பார்வைக்குள் வந்தது.

அதற்கு முன்னிருந்த நிலையையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15-ஆம் நாள் தொடங்கிற்று. ஏழாண்டு கழித்து, 1982-இல் அதே நாளில், தில்லியிலிருந்து நாடு முழுமைக்குமான ஒரே நிகழ்ச்சி வண்ணத்தில் தொடங்கியது. 1983-இல் இன்சாட்டு 1பி என்னும் துணைக்கோள் வானேறிய பின், ஊர்தோறும் நிறுவப்பட்ட சிறுதிறன் ஒளிபரப்பிகள் அத்துணைக்கோள் வழியாகத் தில்லி தருவதை வாங்கி அப்படியே உமிழ்ந்தன. சென்னையில் தமிழ் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, தமிழகத்தின் பிற ஊர்களில் பெட்டியைத் திருகியவர்க்குக் கிடைத்தவை இந்தியும் ஆங்கிலமுமே. பின்னர்ச் சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகளும் தெற்கே வந்தன, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும், உழைத்துக் களைத்தவர் கால்நீட்டி அமரும் இரவின் நல்ல பொழுது தில்லிக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. மலை தமிழருடையது, கோபுரத்தை எழுப்பிய உழைப்பிலும் வரிப்பணத்திலும் தமிழருக்குப் பங்குண்டு, இரவுப்பொழுதின் மொழியில் மட்டும் தமிழருக்குப் பங்கில்லை.

கிழங்கு கடித்த துப்பறிவாளன்

அந்நாளில் தில்லித் தொலைக்காட்சியின் வழி பெரும்பெயர் பெற்ற தொடர்களுள் ஒன்று ‘கரம்சந்து’. 1985-இல் தொடங்கிய அவ்விந்தித் தொடரைப் பங்கசு பராசர் இயக்கினார். பங்கசு கபூர் துப்பறிவாளராக நடித்தார். நகையும் துப்பும் கலந்த அத்தொடரில், துப்பறிவாளர் எந்நேரமும் செம்முள்ளங்கியைக் கடித்துக்கொண்டிருப்பார். மக்கள் கேரட்டு என வழங்கும் கிழங்கு அது. கிட்டி என்னும் உதவிப்பெண் வெள்ளையாக ஏதேனும் கேட்பாள். ‘வாயை மூடு, கிட்டி’ என ஆங்கிலத்தில் அதட்டுவார். காவல் அலுவலர் தடுமாறுவார். கரம்சந்து முடிச்சை அவிழ்ப்பார். நடிப்பும் அமைப்பும் நன்றாக இருந்தமையால் வடநாடு அத்தொடரைக் கொண்டாடியது. அக்கொண்டாட்டத்தில் குறைகாண ஒன்றுமில்லை. தம் மொழியில் தமக்கென நகைச்சுவை செய்துகொள்ளும் உரிமை எவ்வினத்தார்க்கும் உண்டு.

இனி, அத்தொடரின் ஒரு பகுதியைப் பண்ணைக்காட்டில் இந்தி அறியாத ஒரு குடும்பம் பார்ப்பதாக வைத்துக்கொள்க. ஒருவன் இறந்து கிடக்கிறான், அது புரியும். நால்வர் மீது ஐயம் விழுகிறது. முகங்களைக் கொண்டு அதுவும் ஓரளவு புரியும். துப்பறிவாளர் ஒவ்வொருவரிடமும் வினவுகிறார். அங்கே இருள் சூழ்கிறது. மூன்றாமவன் சொன்ன விடையில் ஒரு சொல் பிசகியிருக்கிறது, கொலையாளி அவனே. அச்சொல் பண்ணைக்காட்டு வீட்டுக்குள் வெறும் ஒலியாக விழுந்து மறைகிறது. கிட்டி ஏதோ கேட்கிறாள், தில்லி சிரிக்கிறது. பண்ணைக்காட்டுக் குழந்தை தந்தையின் முகத்தைப் பார்க்கிறது. தந்தைக்கும் தெரியவில்லை. அத்தொடர் முழுவதிலும் அக்குடும்பத்துக்கு ஐயமின்றிப் புரிந்தது, மேல்மலையின் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளையும் அந்தக் கிழங்கு ஒன்றே!

இஃது எள்ளிச் சொல்வதன்று. இதில் ஆழ்ந்த தீங்கொன்று உள்ளது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்து, அது பிறக்கும் இடங்களையும் நான்காக வகுத்தார். பிறரை இகழும் எள்ளலிலும், இளமையிலும், அறிவின்மையாகிய பேதைமையிலும், கேட்டதை அப்படியே கொள்ளும் மடமையிலும் நகை பிறக்கும் என்பது அவர் கண்ட உண்மை. ‘கரம்சந்து’ தொடரில் கிட்டியின் மடமையும் துப்பறிவாளரின் எள்ளலும் நகைக்கு நிலைக்களன்கள். மொழி தெரிந்தவன் அந்நகையை நுகர்கிறான். மொழி தெரியாதவனோ தானே பேதையின் இடத்தில் நிறுத்தப்படுகிறான். சிரிக்க அமர்ந்தவனுக்குத் தன் அறியாமையே காட்சியாக முடிகிறது. நாள்தோறும் இவ்வாறு நிறுத்தப்படும் குழந்தை, ‘இம்மொழி தெரியாதது என் குறை’ என்று எண்ணத் தொடங்குகிறது. ‘எனக்குப் புரியும் மொழியில் தராதது அவர்கள் குறை’ என்று அதற்குத் தோன்றுவதில்லை. தாழ்வு மனப்பான்மை இப்படித்தான் அரை மணி அரை மணியாக ஊட்டப்படுகிறது.

சட்டம் நுழையாத வாயிலில் விளையாட்டு நுழைந்தது

1938-இல் பள்ளிக்கூடத்தின் வழி இந்தி வந்தபொழுது தமிழகம் எதிர்த்து நின்றது. நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு 1939-இல் உயிர்நீத்தனர். 1965-இல் ஆட்சிமொழி என்னும் பெயரால் வந்தபொழுது மாணவர் எழுந்தனர். தீயிலும் துப்பாக்கிக் குண்டிலும் உயிர்கள் மாய்ந்தன. அவ்வீகங்களின் விளைவு வீண்போகவில்லை. 1976-இல் நடுவணரசு இயற்றிய ஆட்சிமொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று எழுத்திலேயே குறிக்கப்பட்டன. 1986-இலும் இந்தியை எதிர்த்துப் போராட்டம் மூண்டது. அரசியல் சட்டத்தின் பதினேழாம் பகுதியை எரித்தமைக்காகத் தி.மு.க. தலைவர்கள் சிறை சென்றனர். சட்டமன்ற உறுப்பினர் பதின்மர் பதவி இழந்தனர்.

பாடநூலாக வந்ததைத் தமிழன் தடுத்தான். ஆணையாக வந்ததைத் தடுத்தான். வேடிக்கையாக வந்ததை மட்டும் நாற்காலி போட்டு அமரவைத்தான். இந்தி எழுத்துள்ள பெயர்ப்பலகையில் கரிநெய் பூசிய கைகளே, மாலையில் வீடு திரும்பித் தொலைக்காட்சியின் திருகியைத் திருகின. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை; வேறு வாய்க்கால் இல்லாத நிலத்தில் வந்த நீரைத்தான் குடிக்க இயலும். ஆயினும், ஆட்சி செய்வோர் இதிலிருந்து ஒன்றை நன்கு கற்றுக்கொண்டனர். சட்டத்தால் ஒரு மொழியைப் புகுத்தினால் எதிர்ப்பு எழும். சிரிப்பால் புகுத்தினால் எழாது. அப்பாடத்தை அவர்கள் இன்றும் மறக்கவில்லை.

வீட்டுக்குள் இருந்த துப்பறிவாளன்

தில்லி கொடுத்ததைக் குறைகூறுவதோடு நில்லாமல், தமிழர் வீட்டில் என்ன இருந்தது என்பதையும் பார்த்தல் முறை. நகைச்சுவைத் துப்பறிவாளன் தமிழுக்குப் புதியவன் அல்லன். தேவன் என்னும் புனைபெயர் கொண்ட மகாதேவன், ‘கரம்சந்து’ தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகட்கும் முன்னரே ஆனந்த விகடன் இதழில் ‘துப்பறியும் சாம்பு’வைப் படைத்தார். சாம்பு ஒரு வைப்பக எழுத்தன். அடிமுட்டாள் என வேலையிலிருந்து விலக்கப்பட்டவன். குருட்டு வாய்ப்பால் ஒரு வழக்கில் வெற்றி பெற்றுத் துப்பறிவாளனாகிவிட்டவன். அவன் கால்தடுக்கி விழும் இடத்தில் களவுபோன நகை கிடக்கும். அவன் உளறிய சொல் கள்வனை நடுங்கவைக்கும். காவல் ஆய்வாளர் கோபாலனோ, சாம்புவின் பேதைமை அனைத்தும் அறிவாளியின் நடிப்பே என நம்புவார். ஐம்பது கதைகளாக விரிந்த அப்படைப்பு பின்னர்த் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தொல்காப்பியர் சொன்ன பேதைமையில் பிறக்கும் நகைக்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

சாம்புவின் ஒரு பகுதியைத் தமிழ்க் குடும்பம் பார்க்கும்பொழுது நிகழ்வதே வேறு. துப்பு எங்கே உள்ளது என்பதைப் பார்ப்பவர் முன்கூட்டியே காண்கின்றனர், சாம்பு காணவில்லை. பார்ப்பவர் அறிவாளியாகின்றனர், திரையில் இருப்பவன் பேதையாகிறான். வீட்டுக் கிழவியும் பள்ளிச் சிறுவனும் ஒரே நொடியில் சிரிக்கின்றனர். ‘கரம்சந்து’ காட்டிய பொழுது பேதையின் இருக்கையில் அமர்த்தப்பட்ட அதே குடும்பம், இங்கே அறிஞரின் இருக்கையில் அமர்கிறது. தாய்மொழி தரும் தலைநிமிர்வு என்பது இதுவே. மேடையில் முழங்கப்படும் பெருமைகளுக்கெல்லாம் அடிப்படையும் இதுவே.

ஆயின், சாம்புவின் வாயில் வந்த தமிழ் தூய தமிழா? அன்று. வடசொல்லும் ஆங்கிலமும் கலந்த, நகர்ப்புறக் குடும்பங்கள் சிலவற்றின் பேச்சு அது. பண்ணைக்காட்டு உழவனின் பேச்சு அத்தகைய கதைகளில் வேலைக்காரன் வாயில் மட்டுமே இடம்பெறும். இக்குறை தேவன் ஒருவரைச் சார்ந்ததன்று. தமிழில் துப்பறியும் கதை பிறந்த நாள்தொட்டே உடன்பிறந்த நோய் இது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோர் இரெயினால்ட்சு முதலிய ஆங்கிலக் கதையாசிரியர்களைத் தழுவி எழுதிக் குவித்தனர். நடை பெரும்பாலும் கலப்பு நடையே.

அதே இரெயினால்ட்சின் கதையொன்றைத் தழுவி மறைமலையடிகளும் எழுதினார் என்பதைப் பலர் அறியார். 1911-இல் வெளிவந்த ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யே அது. தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தோன்றுவதற்கு முன்னரே, அயல்நாட்டுக் கதையைத் தமிழ்நிலத்தில் நட்டு, தமிழ்ப்பெயர் சூட்டி, தமிழ்நீர் பாய்ச்சி வளர்க்கலாம் என்று அடிகள் காட்டிவிட்டார். மூலம் ஒரே ஆசிரியருடையது. கை வேறானமையால் விளைவும் வேறாயிற்று. குறை தமிழ்மொழியின்கண் இல்லை. எழுதுவோர் உள்ளத்தின்கண் உள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பின்வந்த தமிழ்வாணன் துப்பறியும் கதைகளைச் சிற்றூர்ப் படிப்பகங்கள்வரை கொண்டுசென்றார். எளிய தமிழில் விரைந்தோடும் நடை அவருடையது. எனினும், படைத்தவர் பெயர் தமிழ்வாணன். படைக்கப்பட்ட துப்பறிவாளன் பெயர் சங்கர்லால்! அறிவாளி எனில் வடநாட்டுப் பெயரே பொருந்தும் என்னும் எண்ணம், நல்ல தமிழ் எழுதியவரையும் விடவில்லை.

துப்பு என்னும் சொல்லும் தமிழரின் துப்பும்

உண்மையில் இத்துறைக்குத் தமிழைப்போல் உரிமை பூண்ட மொழிகள் சிலவே. ‘துப்பு’ என்னும் சொல்லை நோக்குக. வலிமையும் துப்பு, திறமையும் துப்பு, மறைந்ததைக் கண்டறிய உதவும் குறிப்பும் துப்பு. ஆற்றலற்றவனைத் ‘துப்புக்கெட்டவன்’ எனச் சிற்றூர் மக்கள் இன்றும் ஏசுவர். கண்டறியும் திறனே மாந்தனின் வலிமை என்னும் மெய்ம்மையை ஒரே சொல்லில் அடக்கியவர் தமிழர்.

திருக்குறள் பொருட்பாலில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ஒற்றன் துறவியர் கோலத்தில் செல்லவும் வேண்டும். பிடிபட்டுத் துன்புறுத்தப்பட்டாலும் சோராமல் இருக்கவும் வேண்டும். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆளவேண்டும். மூவர் சொல்லும் ஒத்திருந்தால் மட்டுமே செய்தியை மெய்யெனக் கொள்ளவேண்டும். இக்காலக் காவல்துறைப் பயிற்சிப் பள்ளியில் சொல்லத்தக்க நெறிகள் இவை. தனித்தனிச் சான்றுகளை ஒப்புநோக்குதல் என்பதை வள்ளுவர் இரண்டடியில் சொல்லி முடித்தார்.

சிலப்பதிகாரத்தின் நடுநாயகமான நிகழ்ச்சியே துப்பறியத் தவறியதன் கேடுதான். பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, ஆராயாமல் ஆணையிட்டான் பாண்டியன், கோவலன் வெட்டுண்டான். கண்ணகி வந்தாள். அழுது மட்டும் நின்றாளில்லை. சான்று கேட்டாள், சான்று காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மணியே வழக்கை முடித்தது. தடயம் கொண்டு உண்மை நாட்டிய அம்மங்கையின் காட்சியினும் சிறந்த துப்பறி காட்சியை எந்தத் தொலைக்காட்சி காட்டியது? இத்துணைச் செல்வம் வீட்டில் இருக்க, அயலான் வாசலில் கையேந்தி நிற்பதுவே தமிழன் தன் துப்பை இழந்தமைக்கு அடையாளம்.

இற்றைநாளின் வழக்கு

காலம் மாறிவிட்டது. நாட்டிலிருந்த பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பிகளுள் மிகப் பெரும்பாலானவை 2022-ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்டன. 2006-இல் தொடங்கிய அரசின் திட்டத்தால் எளியோர் குடிசைகளிலும் வண்ணத் தொலைக்காட்சி நுழைந்தது. கம்பி வழியாகவும் துணைக்கோள் வழியாகவும் இணையம் வழியாகவும் தமிழ்த் தொலைக்காட்சிகள் பல வருகின்றன. இனிப் பண்ணைக்காட்டுக்குத் தில்லியைத் தவிர வேறு வாய்க்கால் இல்லை என எவரும் சொல்ல முடியாது.

எனினும் தில்லி தன் பழக்கத்தை விடவில்லை. ‘ஆல் இந்தியா இரேடியோ’ என்பதை நீக்கி ‘ஆகாசவாணி’ என்றே வழங்குக என 2023 மே திங்களில் சுற்றறிக்கை வந்தது. வானொலி என்னும் அழகிய தமிழ்ச்சொல் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. தமிழ்முனி வாழ்ந்த மலையெனத் தமிழர் போற்றும் பொதிகையின் பெயரைத் தாங்கியிருந்த சென்னைத் தொலைக்காட்சி, 2024 சனவரியில் ‘டிடி தமிழ்’ ஆயிற்று. மலையின் பெயர் போய் இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. அதே ஆண்டு அத்தோபரில், சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் பொன்விழா இந்தித் திங்கள் நிறைவு விழாவோடு இணைத்து நடத்தப்பட்டது. ஆளுநர் கலந்துகொண்ட அவ்விழாவில் பாடப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிட நாட்டைக் குறிக்கும் அடி விடுபட்டது. நிலையம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. தமிழுக்கென நிறுவப்பட்ட நிலையத்தின் பொன்விழாவில் இந்திக்கு என்ன வேலை என்பதற்கு மட்டும் விடையில்லை.

இவை தில்லியின் குற்றங்கள். ஆனால் நேர்மையான துப்பறிவாளன் வெளியே மட்டும் தேடமாட்டான், வீட்டுக்குள்ளும் தேடுவான். தமிழ்த் தனியார் தொலைக்காட்சிகளின் பெயர்களைப் படித்துப் பார்க்க: சன், கலர்சு, விசய், சீ. அவற்றில் வரும் துப்பறியும் கதைகளைக் கேட்டுப் பார்க்க: ‘கேசு’, ‘க்ளூ’, ‘சசுபெக்டு’, ‘பிங்கர் பிரிண்டு’, ‘போசுட்மார்ட்டம்’. இவற்றை எந்தத் தில்லி ஆணை திணித்தது? வழக்கு என்பதும் துப்பு என்பதும் எவர் நாவைச் சுட்டன? ஐயத்திற்குரியவர், விரலடையாளம், பிணக்கூறாய்வு, முதல் தகவல் அறிக்கை ஆகியன அகரமுதலியில் உறங்கும் சொற்கள் அல்ல. காவல் நிலையத்திலும் செய்தித்தாளிலும் நாள்தோறும் வழங்குவன. தமிழக அரசின் தடய அறிவியல் துறை அப்பெயரோடுதான் இயங்குகிறது. மெய்யான ஆய்வாளர் தமிழில் அறிக்கை எழுதுகிறார். அவரைப்போல் வேடமிட்ட நடிகர் ஆங்கிலத்தில் பேசுகிறார். வேடம் மெய்யைவிட அடிமைப்பட்டிருக்கும் விந்தை இது!

இன்னொரு கேடும் உண்டு. நகைச்சுவைத் தொடர்களில் நல்ல தமிழ் பேசுபவனையே நகைப்புக்குரியவனாக ஆக்குகின்றனர். மூக்குக் கண்ணாடியும் தொளதொளச் சட்டையுமாக ஒரு தமிழாசிரியர் வருவார், ‘தேநீர் அருந்துகின்றீரா?’ என்பார்; பின்னணியில் பதிவுசெய்த சிரிப்பொலி எழும். அன்று தில்லி தன் மொழியால் தமிழனைப் பேதையாக்கியது. இன்று தமிழன் தன் மொழியையே பேதையாக்குகிறான். முன்னது கொள்ளை, பின்னது தற்கொலை.

முடியும் என்பதற்குச் சான்றுகள்

நல்ல தமிழில் எழுதினால் மக்கள் பார்க்கமாட்டார் என்பது எழுதத் தெரியாதவர் சொல்லும் சாக்கு. 2006-இல் தொடங்கப்பட்ட மக்கள் தொலைக்காட்சி, பிறமொழி கலவாத தமிழில் செய்தியும் நிகழ்ச்சியும் வழங்க முடியும் என்று செய்து காட்டியது. தமிழில் பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என அதே 2006-இல் தமிழக அரசு அறிவித்ததும், அதுவரை ஆங்கிலப் பெயர் தேடியவர்கள் தமிழ்ப்பெயர் தேடி ஓடினர். வணிகனின் தமிழ்ப்பற்று வரிவிலக்கில் விழித்தெழுந்தது எனினும், பெயர்கள் தமிழாயின. பெயரோடு நின்றுவிட்டதே குறை. உரையாடலுக்கும் அவ்விதி நீண்டிருக்க வேண்டும்.

2017-இல் மிசுக்கின் இயக்கி வெளிவந்த ‘துப்பறிவாளன்’ திரைப்படம் இன்னும் நேரான சான்று. ஆங்கிலேயரின் செர்லாக்கு ஓம்சைத் தழுவிய அக்கதையில் தமிழ்த் துப்பறிவாளனின் பெயர் கணியன் பூங்குன்றன்! சங்கப் புலவரின் பெயரைத் தாங்கிய துப்பறிவாளனை மக்கள் ஏற்றுக்கொண்டனர். பெயர் புரியவில்லை என்று எவரும் அரங்கைவிட்டு எழுந்து செல்லவில்லை. சங்கர்லாலிலிருந்து பூங்குன்றன்வரை வந்த தொலைவு சிறிதன்று. அவன் பேசும் ஒவ்வொரு சொல்லும் பெயருக்கேற்ற தமிழாக அமைவதே எஞ்சிய தொலைவு.

செய்யத்தக்கன

தில்லித் தொலைக்காட்சியிடம் கேட்கத்தக்கது இரக்கமன்று, உரிமை. நாடு முழுமைக்கும் எனக் காட்டும் எந்நிகழ்ச்சியையும் தமிழ்க் குரலோடோ தமிழ் எழுத்துரையோடோ தருதல் அதன் கடமை. அன்று அதற்குக் கருவியில்லை எனச் சொல்லியிருக்கலாம். இன்று ஒரே படத்துக்குப் பல மொழி ஒலித்தடங்களைத் தேர்ந்து கேட்கும் நுட்பம் கைப்பேசியிலேயே உள்ளது. பொதிகை என்னும் பெயர் மீண்டும் வருதல் வேண்டும்.

தமிழ்த் தொலைக்காட்சிகளிடம் கேட்கத்தக்கது, காவல் நிலையத்தில் எழுதப்படும் தமிழையாவது கதையில் பேசுங்கள் என்பதே. எழுத்தாளரிடம் கேட்கத்தக்கது, மலைவாழைத் தோட்டத்திலும் மிளகுக் காட்டிலும் நடக்கும் ஒரு துப்பறி கதையை, அம்மண்ணின் பேச்சில், அம்மக்களே அறிவாளிகளாக விளங்குமாறு எழுதுக என்பதே. தோட்டத்துக் காலடித் தடத்தைக் கொண்டு வந்தது எவ்விலங்கு, எவ்வேளை, எத்திசை என்று சொல்லும் மலைமக்களைவிடச் சிறந்த துப்பறிவாளர் யார்? அவர்களை வேலைக்காரன் வேடத்திலிருந்து விடுவித்துக் கதைத்தலைவன் இருக்கையில் அமர்த்துக.

தமிழன்பர்களுக்கும் வேலை உண்டு. வீட்டில் ஒரு தொடர் ஓடும்பொழுது, பிறமொழிச் சொல் ஒன்று விழுந்தால், அதற்குரிய தமிழ்ச்சொல்லைக் குழந்தையிடம் கேட்க. அதை ஒரு துப்பறியும் விளையாட்டாகவே நடத்துக. களவுபோன சொல் எது, அதன் இடத்தில் வந்து அமர்ந்த கள்ளச்சொல் எது என்று குழந்தை தேடட்டும். பத்து நாளில் பெற்றோரைவிட விரைவாக அது கண்டுபிடிக்கும். மொழி மீட்சி சட்டமன்றத்தில் மட்டும் நடப்பதன்று. அடுக்களையை ஒட்டிய கூடத்திலும் நடப்பது.

கொடைக்கானல் உச்சியிலிருந்து புரியாத சிரிப்பு இறங்கிய இரவுகளில், பண்ணைக்காட்டுக் குழந்தை தந்தையின் முகத்தைப் பார்த்தது. அப்பார்வைக்குரிய விடையை ஒரு தலைமுறை கொடுக்கவில்லை. இன்று தந்தையாகிவிட்ட அக்குழந்தையின் முகத்தை அடுத்த குழந்தை பார்க்கிறது. இம்முறையும் விடையின்றி நிற்பது தமிழினத்துக்கு அழகன்று.

தமிழால் ஆய்க! தமிழால் அறிக! தமிழால் நகுக!